தலை தீபாவளியும் தேய்த்த கியூவும்

என் கணவர் ரவி நல்ல மனிதர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, என் பிறந்த வீட்டைக் குறை சொல்வதில்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதையாவது அளந்துகொண்டே இருப்பார்.

ராணுவத் தளவாடம் செய்யும் எங்கள் ஃபேக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மெஷினிலிருந்து வரும் பாகங்களைக் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பார். மாஸ்டர் பீஸ் என்று ஒன்று இருக்கும், அச்சு அசலாகச் சரியான அளவில் செய்து வைத்தது. அதைவிட ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மையைத் தொட்டு ஓரமாக வைத்துவிடுவார். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், சரி. வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறார். கல்யாணமான புதிதில் நான் சுட்ட தோசையை அளந்து பார்த்து, நடுவில் ஒரு கனம், ஓரத்தில் ஒரு கனம் என்றார். "ஏனுங்க, வாயில போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் போகும்" என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போதெல்லாம் தோசைக் கரண்டியைக் காட்டுகிறேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஊரையே அளக்கிற இந்த மனிதர் தன் அக்கா பேச்சை மட்டும் அளக்க மாட்டார். அக்கா கோகிலவாணி என்ன சொன்னாலும், "அக்கா சொல்றதும் சரிதான்" என்பார். அந்த 'ம்' எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேறு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோகிலவாணி அண்ணி ஜெகதளாவுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் இருக்கிறார். அவருடைய கணவர் விஜயன் அண்ணன் அங்கே ஹெட் கிளார்க். பெரிய வீடு, முன்னால் ரோஜா, பின்னால் பேரிக்காய் மரம், வெந்நீர் எந்நேரமும் கொட்டும். நாங்கள் இருப்பது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தால் அடுப்படி தெரியும், அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்தால் பாத்ரூம் தெரியும். அதனால் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தலை தீபாவளி தவிர மற்ற எல்லாத் தீபாவளியும் அண்ணி வீட்டில்தான். நான் போய் முறுக்குப் பிழிவேன், அண்ணி உப்புப் பார்ப்பார். என் அடுப்பில் தீபாவளிக்கென்று எண்ணெய்ச் சட்டி ஏறியதே இல்லை.

போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வருஷம் என் ஒரே மகள் ரேணுகாவுக்குத் தலை தீபாவளி. ஆவணியில் கல்யாணம் முடிந்து கோயமுத்தூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை முகேஷ் தங்கமான பையன், எதைப் போட்டாலும் சாப்பிடுவான். தலை தீபாவளி என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் தாய் வீட்டுக்கு வருவதுதானே உலக வழக்கம்? என் வீடு சின்னதுதான். ஆனால் அது என் வீடு. புரட்டாசி பிறந்ததிலிருந்தே எந்த மூலையில் எதை நகர்த்தினால் அவர்களுக்குப் பாய் விரிக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் சாப்பாடு. ரசம் ஊற்றும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னார்.

"மாப்பிள்ளை வர்றாரு. உங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தர் திரும்போணும்னா இன்னொருத்தர் வாசலுக்குப் போகோணும். தலை தீபாவளிய இங்கியே வெச்சுக்கலாம் அம்மணி. ரூமெல்லாம் சும்மாதான கெடக்குது."

நான் ரவியைப் பார்த்தேன். அவர் அப்பளத்தைப் பார்த்தார்.

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இல்லீங்க அண்ணி, என்ற புள்ளைக்கு நான் என்ற ஊட்டுல செய்யோணும்" என்று சொல்லியும்விட்டேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்படி ஒரு வார்த்தை அதற்குமுன் கேட்டதில்லை. விஜயன் அண்ணனுக்குப் புரை ஏறியது. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்படியா? ஏதோ பில்லியர்ட்ஸ் எல்லாம் ஆடறயாமே. என்னையத் தோக்கடிச்சுட்டுத் தீபாவளிய உங்க ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

"சரிங்க அண்ணி. என்னைக்கு வெச்சுக்கலாம்?"

"விஜயதசமி. நல்ல நாளு."

ஆண்கள் இரண்டு பேரும் பெரிய ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

பில்லியர்ட்ஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கியூ என்கிற குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அது போய் மோதி மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டம், வெள்ளை மட்டும் உள்ளே விழக் கூடாது. எங்கள் ஃபேக்டரி கிளப்பில் போன வருஷம் பெண்களுக்கென்று புதன்கிழமை ஒதுக்கினார்கள். மற்ற பெண்கள் நம்பர் கூப்பிடுகிற தம்போலா பக்கம் போனார்கள். எனக்கு அந்தப் பச்சை மேஜைமேல் கண் போயிற்று. நானும் அதே ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க மற்றவர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறவள். ஒரு பந்தை நான் நினைத்த குழிக்கு நான் அனுப்பி, அது 'டக்'கென்று உள்ளே விழும்போது கிடைத்த சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. ஊட்டியில் ஒரு லாட்ஜைக் காலி செய்தபோது பழைய கியூ குச்சி ஒன்றை எனக்கே எனக்கென்று வாங்கினேன்.

அந்தக் குச்சி நுனியில் ஒல்லி. நுனியிலிருந்து பின்னால் போகப் போக, கேரட் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும். நான் இடது கையை மேஜையில் ஊன்றி, ஆள்காட்டி விரலை வளையமாக வளைத்து, அதற்குள் குச்சியை விட்டு அடிப்பேன். குச்சி முன்னால் போகும்போது பருத்த பாகம் வளையத்துக்குள் வந்து விரலை மெல்ல இறுக்கும். அந்த இறுக்கம்தான் எனக்குக் கணக்கு. இவ்வளவு இறுகினால் மெதுவான அடி, வெள்ளைப் பந்து அங்கேயே நிற்கும். இன்னும் இறுகினால் பந்து ஓடும். எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

அண்ணியும் எஸ்டேட் ஸ்டாப் கிளப்பில் ஆடுகிறவர்தான். அவருடைய கியூ வேறு ஜாதி. விஜயன் அண்ணனின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. நுனியிலிருந்து ஒரு அடி நீளத்துக்கு ஒரே கனம், அதற்குப் பிறகுதான் பருக்க ஆரம்பிக்கும். கையில் வழுக்கிக்கொண்டு போகும். அண்ணிக்கு ஆள்காட்டி விரலில் கல் மோதிரம், அதைக் கழற்றவும் மாட்டார். பருத்துக்கொண்டே போகும் குச்சி என்றால் மோதிரம் சிக்கும். அவருக்கு அந்த ஒரே கனம்தான் தோது. பெரிய கடையில் வாங்கினாலும் ஒருத்தர் செருப்பு இன்னொருத்தர் காலுக்குச் சேராது என்று எனக்குத் தெரியும். அதை அளந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரவி எஸ்டேட் ஸ்டாப் கிளப்பில் அக்காவின் கியூவைக் கையில் எடுத்து, சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை வெளியே எடுத்ததை நான் பார்த்தேன். மனிதர் சாமி கும்பிடப் போனாலும் விபூதித் தட்டை அளப்பவர். நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஃபேக்டரி ஊரில் ஆயுத பூஜைதான் பெரிய நோம்பி. தீபாவளிகூட அதற்குப் பிறகுதான். பத்து நாள் முன்னாலிருந்தே கழுவுவதும் துடைப்பதும் எண்ணெய் போடுவதும். பூஜைக்கு வைக்கிற ஆயுதத்தில் ஒரு பழுது இருக்கக் கூடாது என்பது சட்டம் மாதிரி. ரவி வீட்டையே ஒர்க்‌ஷாப் ஆக்கிவிடுவார். மிக்ஸி பிளேடு, அரிவாள்மனை, குக்கர் விசில், என் நகவெட்டி வரை எல்லாவற்றையும் பழுது பார்த்துத்தான் பூஜையில் வைப்பார். "உன்ற கியூவையும் குடு உமா, சர்வீஸ் பண்ணி வெக்கறேன்" என்றார். ஸ்டோர்ஸில் எனக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. துடைத்து மெழுகு போடுவார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

பூஜையன்று பார்த்தால் கியூ பளபளவென்று இருந்தது. மைக்ரோமீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லிச் சரம் சுற்றிக் கிடந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. கிளப்பும் பூஜைக்காக அடைத்திருந்தது. ஆக, மறுநாள் ஜெகதளாவுக்கு வண்டி ஏறுகிறவரை நான் அதை விரல் நுனியால்கூடத் தொடவில்லை. பொரி கடலை தின்றுகொண்டு, சரஸ்வதியிடம் படிப்பு எதுவும் கேட்காமல், மூன்று ஆட்டம் மட்டும் கேட்டேன். ஐந்தில் மூன்று ஜெயித்தால் போதும்.

விஜயதசமியன்று நல்ல மழை மூட்டம். எஸ்டேட் ஸ்டாப் கிளப்பில், ஆட்டத்துக்கு நடுவராக இருக்கும் மார்க்கர் அழகையா மேஜையைத் துடைத்து, லைட்டைப் போட்டு, பந்துகளை முக்கோணத்தில் அடுக்கி வைத்திருந்தார். அந்த கிளப்பில் மார்க்கர் வேலைக்கு ஆள் கிடைக்காததால் தோட்டக்காரரே மார்க்கர். பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இருக்கலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லத் தயங்க மாட்டார். விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவி, லீவு நாள் என்பதால் ஸ்டாப் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் வடை வேறு.

முதல் ஆட்டம். நான் குனிந்து, விரலை வளைத்து, குச்சியை விட்டு ஆட்டிப் பார்த்தேன். ஏதோ மாதிரி இருந்தது. மெழுகு போட்டிருக்கிறார், அதுதான் என்று நினைத்தேன். எதிரே நேராக ஒரு பந்து, மூலைக் குழிக்கு முன்னால் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்து அது. அடித்தேன். பந்து உள்ளே போயிற்று. பின்னாலேயே வெள்ளைப் பந்தும் போய் விழுந்தது, தேருக்குப் பின்னால் போகும் பஜனைக் கோஷ்டி போல.

"ஃபவுலுங்கோ" என்றார் அழகையா.

அடுத்ததும் அப்படித்தான். விரல் இறுகும், இறுகும் என்று நான் காத்திருக்க, குச்சி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வழியில் யாருமே கைகாட்டவில்லை. கொஞ்சம் ஓரமாக அடித்தால் குச்சி துவண்டு, பந்து நான் பார்த்த பக்கம் போகாமல் அது பார்த்த பக்கம் போயிற்று. சத்தமும் மாறியிருந்தது. 'டக்'கென்று கேட்க வேண்டியது 'தொப்'பென்று கேட்டது. முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அண்ணி மோதிரக் கையால் ஒவ்வொரு பந்தாகக் குழியில் தள்ளிவிட்டு, வடையைக் கடித்துக்கொண்டார்.

நான் நிமிர்ந்து, குச்சியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பருக்க வேண்டிய இடமெல்லாம் ஒல்லியாகவே இருந்தது.

"இது என்ற கியூ இல்ல" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அண்ணி. ஸ்வெட்டர்கள் குலுங்கின.

ஜன்னலோரம் நின்றிருந்த ரவி முன்னால் வந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை. குழந்தை முதல் ரேங்க் வாங்கினால் அப்பன்காரன் நிற்பானே, அந்த நிற்பு.

"உன்றதுதான் உமா. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை. கையில புடிச்சு அளந்து பாத்தா எடத்துக்கு எடம் ஒரு அளவு! நுனியில பன்னெண்டரை மில்லி, நாலு விரக்கடை தள்ளிப் பதிமூணரை, அப்புறம் பதினாலரை. அப்படியே எப்படிப் பூஜையில வெக்கறது? ராத்திரியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். ஒரு அடிக்கு எங்க புடிச்சாலும் ஒரே அளவு. ஒரு பாயிண்ட்கூட மாறாது. நீயே அளந்து பாரு."

மைக்ரோமீட்டரை நீட்டவும் செய்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறது என்பார்கள். இந்த மனிதர் பிள்ளையாரையே தேய்த்துக் குரங்காக்கியிருந்தார். நான் மெதுவாகத்தான் கேட்டேன். மெதுவாகக் கேட்டால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

"எதை வெச்சுங்க இந்த அளவு?"

"அக்கா கியூவ வெச்சுத்தான். அதுதான மாஸ்டர் பீஸு."

நீட்டிய மைக்ரோமீட்டரை அவர் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டேன்.

"ஆமாங்க" என்றேன். "அதுதான மாஸ்டர் பீஸு. உங்க அக்கா ரசம் மாஸ்டர் பீஸு, உங்க அக்கா ஊடு மாஸ்டர் பீஸு. நான் ஒருத்தி அளவு மாறி வந்துட்டேன். என்னையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சிருங்க. வந்த நாள்ல இருந்து அதைத்தான பண்றீங்க?"

"உமா, நான் நல்லதுக்குத்தான்..."

"உங்க அக்கா ஜெயிக்கோணும்னு பண்ணுனீங்களா?"

இதைக் கேட்டிருக்க வேண்டாம். அவர் முகம் விழுந்துவிட்டது. ரவிக்குச் சூது தெரியாது. சூதுக்கு அளவு கிடையாது, அதனால் அது அவர் கைக்கு வராது. இருந்தாலும் எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. என் மகளின் தலை தீபாவளி ஒரு அடி நீளத்துக்குத் தேய்ந்து போய்க் கையில் கிடந்தது.

"வேற குச்சி எடுத்துக்கோ அம்மணி" என்றார் அண்ணி பெரிய மனசோடு. சுவரில் இரண்டு குச்சிகள் மாட்டியிருந்தன. ஒன்று மழை ஈரத்தில் வில்லாக வளைந்திருந்தது. இன்னொன்றில் ஒட்டடைத் துடைப்பம் கட்டியிருந்தது.

நெற்றியைத் துடைத்தேன். கையில் பொட்டு தட்டுப்பட்டது. ஸ்டிக்கர் பொட்டு, சிவப்பு, நடுவில் சின்னக் கல் வைத்தது, பூஜைக்காக வாங்கியது. அதை உரித்தேன். குனிந்து, குச்சியை விரல் வளையத்தில் விட்டு, பழையபடி எந்த இடத்தில் விரல் இறுகுமோ அந்த இடத்தை நினைவில் தேடினேன். அங்கே குச்சியின்மேல் பொட்டை ஒட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். குச்சி வழுக்கிக்கொண்டு போய், அந்த இடம் வந்ததும் கல் விரலில் நெருடியது. போதும் என்றது.

"என்ன இது? குச்சிக்குப் பொட்டு வெச்சு ஆடறதா? ரூல்ல இருக்குதா?" என்றார் அண்ணி.

எல்லோரும் அழகையாவைப் பார்த்தார்கள். அவர் குச்சியை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். கைப்பிடியில் பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"ஏற்கெனவே குங்குமம் இருக்குதுங்க. குங்குமம் வெச்ச எடத்துல பொட்டு வெச்சா என்னங்க தப்பு? ஆடுங்கோ" என்றார்.

மூன்றாவது ஆட்டம் என்னுடையது. குச்சி துவளுகிறது என்று தெரிந்துவிட்டதால் ஓரமாக அடிப்பதையே விட்டுவிட்டேன். எல்லாம் நடு அடி. நெருடியதும் நிறுத்து, அவ்வளவுதான். நான்காவதும் என்னுடையதே. ஸ்வெட்டர்கள் கட்சி மாற ஆரம்பித்தன. "உமாக்கா, மூலையில போடுங்க, மூலையில" என்று யாரோ கத்தினார்கள். அண்ணி வடைத் தட்டை நகர்த்தி வைத்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு பயத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் என் பந்தெல்லாம் தீர்ந்து, கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் நம்பர் கறுப்புப் பந்து மட்டும் மீதி. நடுக் குழிக்கு நேராக, கொஞ்ச தூரத்தில் நின்றது. அதைப் போட்டு, வெள்ளையை மேஜையிலேயே நிறுத்தினால் ரேணுகா என் வீட்டு வாசலில் வந்து இறங்குவாள். நான் குனிந்தேன். அவளுக்கு எண்ணெய் வைப்பது, மாப்பிள்ளைக்குப் பலகாரம் எடுத்து வைப்பது எல்லாம் அந்தக் குழிக்குள் தெரிந்தது. குச்சி நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, மூச்சைப் பிடித்து, மெதுவாகக் குச்சியைப் பின்னால் இழுத்து முன்னால் விட்டேன்.

நெருடலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கறுப்பு உள்ளே போயிற்று, வெள்ளையும் அதன் பின்னால் சமர்த்தாகப் போய் விழுந்தது. அந்தக் குளிரிலும் வியர்த்திருந்த என் விரலில், கல்லோடு பொட்டு ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

"கறுப்போட வெள்ளையும் போனா ஆட்டம் போச்சுங்க" என்றார் அழகையா, எனக்காக வருத்தப்பட்டு. "ஆனா பொட்டு உதுந்து குச்சி பாதியில மாறிப்போச்சு. வேணும்னா மறு ஆட்டம் வெச்சுக்கலாமுங்க."

நான் விரலிலிருந்து பொட்டை உரித்தேன். பேசினால் அழுதுவிடுவேன், ஸ்வெட்டர்கள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. அண்ணி மூச்சு விட்டுவிட்டு, "சரி, மாப்பிள்ளைக்கு எந்த ரூம்னு..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா" என்றார் ரவி.

எனக்கும் அண்ணிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"தலை தீபாவளி எங்க ஊட்டுலதான்."

அண்ணி காதில் விழாதவர் மாதிரி பார்த்தார். "என்னடா சொன்ன?"

"எங்க ஊட்டுலக்கா."

"பந்தயம்டா! இத்தன பேர் பாத்துட்டிருக்காங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கியூவை நான்தான் தேய்த்துக் கெடுத்துவிட்டேன், அளவு சரியில்லை, ஆட்டம் செல்லாது என்று டெக்னிக்கலாகப் போய் ஒளிந்துகொள்வார். மறு ஆட்டம் என்று அழகையா வேறு கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"மறு ஆட்டமெல்லாம் வேண்டாமுங்க" என்றார் ரவி. "கியூ நல்லா இருந்து, உமா நல்லா ஆடித் தோத்திருந்தாலும் எங்க ஊட்டுலதான். அது ஆடி ஜெயிக்கிற சாமானாக்கா? அவ புள்ளைக்கு அவ செய்யறதுக்கு நாம யாரு பந்தயம் கட்ட? அன்னிக்கு சாப்பாட்டுலயே நான் இதச் சொல்லியிருக்கோணும். அப்பளத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

சொல்லி முடித்ததும் சட்டைப் பையிலிருந்த மைக்ரோமீட்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று அந்தக் கியூவாலேயே அவர் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது, அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கையைத்தான் பிடித்தேன். கியூ இன்னொரு கையில் இருந்தது.

அண்ணி கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தன் சிங்கப்பூர் கியூவைத் திருகி இரண்டாகப் பிரித்தார். உறைக்குள் போடப் பார்த்தார். மோதிரம் உறையில் சிக்கியது. எடுத்துவிடக் கையில் தெம்பு இல்லை போல.

"கூட்டிட்டுப் போங்க" என்றார். "உங்க புள்ள. நான் என்ன புடுங்கிக்கவா பாத்தேன்? அஞ்சு ரூம்லயும் லைட்டப் போட்டுட்டு, முறுக்குத் தட்ட வெச்சுட்டு, நானும் இவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்துக்கறோம். அவ்வளவுதான்."

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயமா? ரேணுகாவின் ஸ்கூல் லீவெல்லாம் அண்ணி வீட்டில்தான் கழிந்தது. ஆனால் தெரிவது வேறு. இத்தனை வருஷமும் அண்ணி என்றால் எனக்கு உப்புப் பார்க்கிற வாய், உத்தரவு போடுகிற விரல், அவ்வளவுதான். அந்தப் பெரிய வீட்டில் சும்மா கிடக்கும் ரூம்களை அவர் பீற்றிக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தேன். எங்களை வரவழைக்க அவர் கையில் இருந்தது அந்த ரூம்கள் மட்டும்தான். விஜயன் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மழையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உறையில் சிக்கிய மோதிரத்தை விடுவித்தேன்.

"அண்ணி, தீபாவளி நோம்பிக்கு எங்க ஊட்டுக்கு வாங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். "ரவி சொல்லித்தான் கூப்புடறயா?"

"அவரு எங்கீங்க சொன்னாரு? நான் கூப்புடறேன். நீங்களும் அண்ணனும் மொத நாளே வந்துருங்க. ரேணுகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நீங்கதான் தலையில எண்ணெ வெக்கோணும்."

"உங்க பாத்ரூம்ல வெந்நீ வராது."

"அடுப்புல வெச்சுத் தர்றனுங்க."

"எங்க படுக்கறதாம்?"

"நீங்களும் நானும் அடுப்படியில. நடு ராத்திரிக்குப் பலகாரம் சுட எந்திரிக்கவும் தோது."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு சுலபத்தில் தோற்கிற ஆளா அவர்?

"முறுக்குக்கு உப்பு நான் பாக்கறேன்" என்றார்.

"வேண்டாமுங்க அண்ணி" என்றேன். "எங்க ஊட்டு முறுக்குக்கு நான் பாத்துக்கறேன். நீங்க விருந்தாளி, உக்காந்து சாப்புடுங்க."

வெளியே வந்து வண்டியில் ஏறுகிறவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டி டீக் காட்டுக்கு நடுவில் இறங்கத் தொடங்கியதும்தான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தீபாவளிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன். நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் வாய் திறந்து ஒருவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அப்போதுதான் அழுதேன். ரவி பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டி, கியூவுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கோ உமா, மன்னிச்சுக்கோ உமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.